டேப்லெட்டில் கார் இதழ் படிக்க முடியவில்லை, உதவுங்கள்

அப்பாவுக்கு 67 வயது. கோவையில் முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். கார் இதழை மாதம் தவறாமல் வாங்கிப் படிப்பவர். பக்கத்துக் கடையில் இதழ் வருவது நின்றுபோனதால், ஜனவரியில் டிஜிட்டல் சந்தா கட்டி ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்தேன். 10.1 அங்குலம், 1280 × 800 திரை, 3 ஜிபி ராம்.

இரண்டு பக்கம் விரியும் இன்ஜின் படம் நடுவில் துண்டாகிறது. அட்டவணையில் டார்க் (முறுக்கு விசை), கியர் விகிதம் பார்க்கும்போது 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரு விரலால் பெரிதாக்கினால் பக்கம் மங்கி, ஐந்தாறு விநாடி கழித்துத்தான் தெளிகிறது; சிலசமயம் செயலியே மூடிக்கொள்கிறது. அச்சில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்த மனிதர், இப்போது இரண்டே நிமிடத்தில் கீழே வைத்துவிடுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கேச் அழித்தேன், செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன், வைஃபையில் இதழை முழுசாக இறக்கினேன், படுக்கைவாக்கில் வைத்தும் பார்த்தேன். படுக்கைவாக்கில் இரண்டு பக்கம் சேர்ந்து வருவதால் ஒரு பக்கத்துக்கு அகலத்தில் 640 பிக்சல்தான் கிடைக்கிறது, இன்னும் மோசம். அதே இதழ் என் போனில் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் எழுத்து பொடி. இதழின் பக்கம் ஏறக்குறைய ஏ4 அளவு; ஏ4 தாளின் மூலைவிட்டமே 14.3 அங்குலம் ஆயிற்றே.

25,000 ரூபாய்க்குள், ஒரு முழுப் பக்கத்தைப் பெரிதாக்காமலே படிக்க எந்த அளவு திரை, எவ்வளவு ரெசல்யூஷன் உள்ள டேப்லெட் வாங்கலாம்?