பெடல் தரைக்குப் போன சிவிக்கும் மற்றதுகளும்

பரந்தன் பிஸ்டன்:

றேஸ் ஓடிக் கராஜுக்கு வாற வாகனங்களின்ர கதை எழுதுற இந்தப் பக்கத்தில, ஈகே4 எண்ட ஹொண்டா சிவிக் கார் என்னெண்டு ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. முன்னுக்குப் பெரிய கலிப்பர் (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பிடிச்சு நசிக்கிறது), துளை போட்ட டிஸ்க், ஸ்ரீல் பின்னின ஹோஸ். காசு கொட்டின வாகனம். கட்டுக்குருந்தை றேஸ் தடத்தில மூண்டாவது சுற்றில பெடல் தரைக்குப் போட்டுதாம். ரெண்டு மூண்டு தரம் மிதிச்சால் திரும்ப மேல வந்ததாம். மாஸ்ரர் சிலிண்டர் (பெடல் மிதிக்க ஒயிலைத் தள்ளுறது) முடிஞ்சுது எண்டு தாங்களே முடிவெடுத்து, புதுசு ஒண்டையும் வாங்கிப் பின் சீற்றில போட்டுக்கொண்டு வந்திட்டினம்.

கராஜில பெடல் கல்லு மாதிரி நிக்குது. சிலிண்டரில ஒரு பிழையும் இல்லை. முன் சக்கரத்தில ஒயில் வெளிய விடுற நிப்பிளில வெள்ளைக் குழாயைக் கொழுவிக் கால் சுற்று இளக்கினால், வந்தது பிளேன் ரீ. சாயம் கூடின பிளேன் ரீ. "தம்பி, பிரேக் ஒயில் கடைசியா எப்ப மாத்தினது?" எண்டு கேட்டதுக்கு வந்த மறுமொழிதான் இன்னும் காதுக்குள்ள நிக்குது: "அதையும் மாத்துறதோ அண்ணை?"

பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ட தரம் புதுசா இருக்கேக்க ஆகக் குறைஞ்சது 205 பாகை தாங்க வேணும், 3.7 வீதம் தண்ணி சேர்ந்தால் அது 140. டொட் 4 எண்டால் 230, 155. டொட் 5.1 எண்டால் 260, 180. றேஸுக்கெண்டு வாற டொட் 4 முன்னூறுக்கு மேலயும் தாங்கும். கலிப்பருக்குள்ள கொதிச்சால் ஆவி. ஒயில் நசியாது, ஆவி நசியும். பெடல் கீழ போறது அதாலதான். ஆறினவுடன ஆவி பழையபடி ஒயிலாகீடும், கராஜில ஒண்டும் பிடிபடாது.

மாத்திறவை கவனிக்க: முதல்ல சிரிஞ்சால ராங்கிக் கறுப்பை இழுத்து எடுத்துப்போட்டுப் புதுசு நிரப்புங்கோ. மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான சக்கரத்தில தொடங்கினால் சரி. எங்கட வலப்பக்க ஸ்ரியரிங்குக்குப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. குறுக்கால பைப் ஓடுற வாகனத்துக்கு ஒழுங்கு மாறலாம், மனுவலைப் பாருங்கோ. பெடலுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வையுங்கோ. பழைய சிலிண்டரில பெடல் ஒரு நாளும் போகாத இடத்துக்குப் போனால், அங்க இருக்கிற கறள் ரப்பர் சீலைக் கிழிச்சுப்போடும். ஒரு லீற்றர் காணும். டொட் 5 எண்டு தனியா ஒண்டு இருக்கு, அது சிலிக்கன். 5.1 கேட்கப் போய் 5 ஐ வாங்கிக்கொண்டு வந்து கலக்காதேங்கோ.

வவுனியா வளைவு:

பிஸ்டன் அண்ணை சொன்னது பாதி. பெடல் மெத்தை மாதிரிப் போனால் ஒயில். பெடல் கல்லு மாதிரி நிண்டும் வாகனம் நிக்காட்டி பாட், டிஸ்க்கை உரசிற கட்டை. எல்லாத்தையும் ஒயிலின்ர தலையில போடக் கூடாது.

டீசி2 இன்ரெக்ரா ஒண்டு. ஏ9இல வரேக்க 80 தாண்டிப் பிரேக் பிடிச்சால் ஸ்ரியரிங் நடுங்குது எண்டு வந்தது. "டிஸ்க் வளைஞ்சிட்டுது" எண்டு சொல்லி லேத்தில ரெண்டு தரம் சீவியாச்சு. டயல் கேஜ் வைச்சுப் பார்த்தால் டிஸ்க்கின்ர கோணல் ஓட்டம் 0.03 மி.மீ. 0.10 மட்டும் பரவாயில்லை. டிஸ்க்கைக் கழட்டி வெயிலுக்குப் பிடிச்சால்தான் தெரியுது: பாட்டின்ர வடிவத்தில, அச்சடிச்ச மாதிரி, நீலக் கறுப்பா ஒரு நிழல். றேஸ் முடிஞ்சு கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிப்பாட்டி, காலைப் பிரேக்கில வைச்சுக்கொண்டே கதைச்சுக்கொண்டிருந்திருக்கினம். பாட் உருகி டிஸ்க்கில ஒட்டினது. அந்த இடம் இறுகினாப் பிறகு லேத்தில சீவினாலும் நடுக்கம் திரும்பி வரும்.

கடைசிச் சுற்று பிரேக் தொடாமல் ஆற ஆற ஓட்டுங்கோ. நிப்பாட்டினால் கியரில விட்டிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கோ, ஹாண்ட் பிரேக் வேண்டாம். புதுப் பாட் போட்டால் 80இல இருந்து 20 மட்டும் பத்துத் தரம் இறுக்கிக் குறையுங்கோ, ஒரு தரமும் முழுசா நிப்பாட்டாமல். பிறகு பத்து நிமிசம் பிரேக் தொடாமல் ஓட்டம். துளை போட்ட டிஸ்க் அழகுக்குத்தான். துளையில இருந்து துளைக்கு வெடிப்பு ஓடும். காசு இருந்தால் வெறும் டிஸ்க்கும் நல்ல பாட்டும்.

மாங்குளம் சந்தி:

பிரேக் கதையை விடுங்கோ. ஈபி82 ஸ்ரார்லெற், 4இ-எஃப்டிஇ ரேர்போ. கொழும்பில 95 ஒக்ரேன் பெற்றோலுக்கு மப் (எவ்வளவு பெற்றோல், எப்ப பொறி எண்டு எஞ்சின் கொம்பியூட்டருக்குக் குடுக்கிற அட்டவணை) போட்டது, பூஸ்ற், அதாவது ரேர்போ தள்ளுற காத்தின்ர அழுத்தம், 1 பார். ஊருக்கு வாற வழியில 95 இல்லை எண்டு 92 நிரப்பினது. ஓமந்தை தாண்ட நீலப் புகை. புளியங்குளத்தில ஒயில் ஸ்ரிக் தானாத் துள்ளி வெளிய வந்திட்டுதாம்.

கொம்பிரசன் அழுத்தம் பார்த்தால் மூண்டு சிலிண்டர் 150 பி.எஸ்.ஐக்குக் கிட்ட, ஒண்டு 60. அதுக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுப் பார்க்க 110க்கு ஏறிச்சு. ஏறினால் பிழை றிங் பக்கம், ஏறாட்டி வால்வ் பக்கம். ஆனா எஞ்சினைத் திறக்க முதலே விசயம் தெரிஞ்சிட்டுது. அந்தச் சிலிண்டரின்ர பிளக்கைக் கழட்டினால், வெள்ளைப் பீங்கானில மிளகுத்தூள் தூவின மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளி. அதுக்கு நடுவில ரெண்டு மூண்டு பளபளக்குது. பளபளக்கிறது அலுமினியம். பிஸ்டன் கரைஞ்சு பிளக்கில குந்தியிருக்கு. திறந்தால் முதல் றிங்குக்கும் ரெண்டாவதுக்கும் இடையில இருக்கிற வரம்பு உடைஞ்சு, துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருக்கு.

ரேர்போக் காரை வன்னிக்குக் கொண்டு வாறவை ரெண்டு மப் வைச்சிருங்கோ. 92க்குப் பூஸ்ற் 0.6க்கு மேல வேண்டாம், ரைமிங் 4, 5 பாகை பின்னுக்கு, பூஸ்றில காத்து பெற்றோல் அளவு 11.5. பிளக் ஒரு படி குளிரானது. என்ஜிகே எண்டால் இலக்கம் கூடக் கூடக் குளிர், 6 இருந்தால் 7. இடைவெளி 0.7 மி.மீ. மத்தியானம் 35 பாகை வெயிலில, றோட்டுச் சூட்டையும் சேர்த்து இழுக்கிற காத்து எவ்வளவு கொதிக்குமெண்டு யோசியுங்கோ. கொழும்பில இரவில டைனோவில (எஞ்சின் வலு அளக்கிற மேடை) போட்ட மப் அதைக் கண்டிருக்காது.

பழைய ஸ்பானர்:

தம்பியவை, மாங்குளம் சொன்ன பிஸ்டனை உடைச்சது நொக். ஒக்ரேன் காணாத பெற்றோல் சிலிண்டருக்குள்ள தானா வெடிக்கிறது. அந்த "கிண் கிண்" சத்தத்துக்கு வன்னியின்ர காது நல்லாப் பழகினது. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் ஏது? காபரேற்றர் வாயில நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடினது. மண்ணெண்ணெயின்ர ஒக்ரேன் அடிமட்டம். கொம்பிரசன் 7க்கு 1 அளவில இருந்த பழைய ஒஸ்ரினும் மொறிசும் முனகிக்கொண்டு எண்டாலும் தாங்கிச்சு. உங்கட சிவிக்கின்ர பி16ஏ எஞ்சினுக்கு 10க்கு மேல. அது 92இலயே முனகும்.

அந்த நாளையில ஏத்தத்தில சத்தம் கேட்டால் அக்சிலேற்றரை விட்டிட்டுக் கியரைக் குறைப்பினம். இப்ப எக்சோஸ்ற் சத்தத்துக்குள்ள நொக் கேக்கிறேல்லை. 500 ரூபாய்க் கம்பியும் ஒரு பழைய நொக் சென்சரும் எஞ்சின் புளொக்கில பூட்டி, ஒரு சின்ன அம்பிளிஃபயருக்கால ஹெட்போனில கேட்டுப் பார்க்கலாம். செய்வினமோ? செய்யாயினம். அந்தக் காசுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுவினம்.

ஒட்டுசுட்டான் ஸ்பிரிங்:

சீஎஸ் லான்சர். உயரத்தைக் குறைச்சுப் பதிவாக்கினதெண்டு ஸ்பிரிங்கை கிறைண்டரால ஒண்டரைச் சுருள் வெட்டியிருக்கு. ஜக்கில தூக்கினவுடன முன் ஸ்பிரிங் கையால சுத்துப்படுது, தன்ர இடத்தில இறுகிக் குந்தியில்லை. மதகு ஏறி இறங்கேக்க சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் விலகும், திரும்பிக் குந்தேக்க கோணலாக் குந்தும். ரயரின்ர உட்பக்கச் சுவரில வெட்டின கூர் முனை கீறி நூல் தெரியுது. இன்னும் இருபது கிலோமீற்றர் ஓடியிருந்தால் ஆள் பனைக்குள்ள.

கேக்காட்டியும் சொல்லிறன். ஆறு சுருள் வேலை செய்யிற ஸ்பிரிங்கில ஒண்டை வெட்டினால் மிச்சம் அஞ்சு, இறுக்கம் அஞ்சில ஒரு பங்கு கூடும். உயரம் அதைவிடக் கனக்கக் குறையும். சொக் அப்சோபரின்ர ஓட்டம் முடிஞ்சு பம்ப் ஸ்ரொப்பர் ரப்பரிலதான் வாகனம் ஓடும். வளைவுக்குள்ள அந்த ரப்பர் தட்டின நேரம் முன் ரயர் பிடியை விடும். "ஸ்ரியரிங் திடீரெண்டு வெறுமையாப் போகுது" எண்டு வாறவையில பாதிப்பேருக்கு இதுதான்.

ஸ்ரட் (ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒண்டா நிக்கிறது) போட்ட வாகனத்துக்கு 25, 30 மி.மீக்கு மேல இறக்காதேங்கோ. பக்கத்தில குந்தியிருந்து சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கையை (ஆம்) பாருங்கோ. வெளி முனை உள் முனையை விட மேல போயிருந்தால் றோல் சென்ரர் (வாகனம் சரியேக்க சுழலுற மையம்) நிலத்துக்குள்ள போட்டுது. வாகனம் பதிவா இருக்கும், ஆனா முந்தியை விடக் கூடச் சரியும். அதுக்கு மேல ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கிப் பிரயோசனம் இல்லை. நீளம் கூடின போல் ஜொயின்ற் போட்டு அந்தக் கீழ்க் கையைத் திரும்ப நேராக்க வேணும்.

கொயில் ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங் சொக்) எண்டால் உயரத்தைக் கீழ்க் குவளையில மாத்துங்கோ, ஸ்பிரிங்கை நசிச்சு மாத்தாதேங்கோ. ஆமின்ர புஷ் போல்ற்றுகளைச் சக்கரம் தொங்கேக்க இறுக்கவே கூடாது. வாகனத்தை நிலத்தில இறக்கி, பாரம் ஏறின பிறகு இறுக்குங்கோ. இல்லாட்டி ரப்பர் எப்பவும் முறுகினபடி நிண்டு ஆறு மாதத்தில கிழியும். கராஜுகளில பத்தில எட்டுப்பேர் இதைச் செய்யிறேல்லை எண்டு துணிஞ்சு சொல்லுவன். அதுக்குப் பிறகுதான் எலைன்மென்ற். முன்னுக்குக் காம்பர் (சக்கரத்தின்ர மேல்பக்கம் உள்ளுக்குச் சரியிறது) மறை 2இல இருந்து 2.5 பாகை, ரோ (சக்கரங்களின்ர முன்பக்கம் உள்ளுக்கோ வெளியவோ திரும்பி நிக்கிறது) பூச்சியம். றேஸுக்கு ரயர் காத்துக் குளிரில 30 வைச்சால் நாலு சுற்றில 35க்கு வரும், சூட்டில அளந்து விடுங்கோ. பத்துப் பாகைக்குக் கிட்டத்தட்ட ஒண்டரை பி.எஸ்.ஐ எண்டு கணக்கு. ஒரு பக்கம் வெயில் படுறமாதிரி நிப்பாட்டின வாகனத்துக்குக் காத்து அளந்தால் அளவு பிழைக்கும், எங்கட வெயில் அப்பிடி.

முரசுமோட்டை வைக்கோல்:

இதுவரைக்கும் ஆரும் சொல்லாதது. மாசி மாதம், பெரும்போக அறுவடை, றோட்டுக்கரை முழுக்க நெல் காயுது, வைக்கோல் பறக்குது. பதிவாக்கின சுவிஃப்ற் ஸ்போற், நல்லா இழுத்து ஓட்டிப்போட்டு வந்து நிண்டது. அடியில இருந்து புகை. குனிஞ்சு பார்த்தால் டிரைவ் சாஃப்ற்றில கயிறு திரிச்ச மாதிரி வைக்கோல் சுத்தியிருக்கு, மிச்சம் புகைக்குழாயில கொதிக்கிற கற்றலிக் கொன்வேற்றருக்கு மேல அடுக்காக் கிடந்து ஓரம் சிவந்துகொண்டிருக்கு. வெப்பத் தகடு சத்தம் போடுதெண்டு கழட்டி எறிஞ்சிருக்கு. அது அங்க இருக்கிறது சும்மா இல்லை.

தகட்டைத் திரும்பப் பூட்டுங்கோ. ஒரு கிலோ உலர்தூள் அணைப்பான் கைக்கெட்டிற இடத்தில வையுங்கோ, டிக்கிக்குள்ள இல்லை. திறந்த கூம்பு ஃபில்ரரும் எங்கட செம்மண் கிறவல் றோட்டுக்கு ஒத்துவராது. ரேர்போவின்ர முன் சில்லு அலகுகளை விரலால தடவிப் பாருங்கோ, அரத்தால ராவின மாதிரி இருந்தால் புழுதி உள்ள போட்டுது. கொம்பனிப் பெட்டியும் கடதாசி ஃபில்ரரும் போட்டு, ஃபில்ரரை 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தினால் போதும். ரேர்போக் காத்தை ஆத்திற இன்ரர்கூலருக்கு முன்னால உமி அடைக்கும், பின்பக்கத்தில இருந்து மெதுவா ஊதுங்கோ. வேகத் தண்ணி அடிச்சால் தகடு மடங்கும்.

வவுனியா வளைவு:

ஸ்பிரிங் அண்ணை, காம்பர் 2.5 வைச்சுக்கொண்டு வவுனியாவில இருந்து கட்டுக்குருந்தைக்குப் போய் வந்தால் ரயரின்ர உட்பக்கம் என்னாகும்? எல்லாருக்கும் றெயிலரில ஏத்திக் கொண்டுபோற வசதி இல்லை.

ஒட்டுசுட்டான் ஸ்பிரிங்:

உட்பக்கத்தைத் தின்னிறது காம்பர் இல்லை, ரோ. ரோ பூச்சியத்தில நிண்டால் 2.5 ஓரளவுக்குத்தான் தின்னும். 3 மி.மீ வெளிய விரிஞ்சு நிண்டால் காம்பர் ஒண்டும் இல்லாமலே கெதியா மொட்டை. ஈகே சிவிக்குக்கு இரட்டை விஷ்போன் (மேலயும் கீழயும் ரெண்டு ஆம்), இறக்கின உடன காம்பர் தானா வரும், ரோவும் சேர்ந்து மாறும். அதைத் திருத்தாமல் காம்பர் கிற் வாங்கிப் பூட்டுறதுதான் வழக்கம்.

பரந்தன் பிஸ்டன்:

வவுனியாத் தம்பி பாட் எண்டு சொன்னதால அந்தச் சிவிக்கைத் திரும்பப் பார்த்தது. புது டொட் 5.1 போட்டுப் பெடல் நல்லா நிக்குது. ஆனா பின் இடது பாட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கு. கலிப்பர் வழுக்கிற ஊசி கையால அசையேல்லை. ஆரோ சில்லு பெயாரிங்குக்குப் போடுற கிறீசை அப்பியிருக்கு. அந்த எண்ணெய்க் கிறீஸ் பட்டால் ஊசியில இருக்கிற ரப்பர் ஊதி இறுகும். சிலிக்கன் கிறீஸ்தான் போட வேணும், அதுவும் ஒரு பயறளவு. பழைய ரப்பர் ரெண்டையும் வெட்டி எடுத்தாச்சு, புதுசு கிளிநொச்சியில இல்லை. கொழும்பில இருந்து வாற புதன் வருது.