மாருதி ஈகோ வேனை வீட்டிலேயே கேம்பராக (படுத்துத் தூங்கும் பயண வண்டியாக) மாற்ற: தெர்மோகோல், பேட்டரி, ஆர்.டி.ஓ. சந்தேகங்கள்

திருவொற்றியூர்வாசி:
வணக்கம். வண்டி ஐந்து சீட் பெட்ரோல் ஈகோ, டி.என். 03, வெள்ளை போர்டு. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. இரண்டு பேர் படுக்கணும், 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் ஓடணும். அவ்வளவுதான் தேவை. சுவருக்குத் தெர்மோகோல் ஒட்டலாமா? வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமா? கூரையை வெட்டி ஃபேன் போடலாமா? ஆர்.டி.ஓ.வில் என்ன சொல்வார்கள்? யூடியூபில் இருப்பதெல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் செய்தது. நம்ம வெக்கைக்கு எது சரிவரும் என்று சொல்லுங்கள்.

பட்டறைப்பக்கம்:
ஆர்.டி.ஓ. விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரம் மாறுகிற எந்த வேலைக்கும் இடமில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மோட்டார் கேரவன் (உள்ளேயே தங்கும் வண்டி) என்று பதிவாக ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தரம் இருக்கிறது, ஆனால் அது வீட்டு வாசலில் செய்கிற வேலைக்கானது இல்லை. கூரையை வெட்டினால் நேராக இந்தப் பிரிவில் மாட்டுவீர்கள். பின் சீட்டை நிரந்தரமாக எடுத்தாலும் ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை பொய்யாகிவிடும். தொண்டையார்பேட்டை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் தெரிவியுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த அன்றைக்குத்தான் கணக்கு கேட்பார்கள். "கார்கோ ஈகோ வாங்கியிருக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். அது சரக்கு வண்டியாகப் பதிவாவது, அதில் வேறு தலைவலி.

அதனால் வண்டியில் எதையும் வெட்டாமல், நாலு போல்ட்டில் கழன்று வருகிற கட்டில் பெட்டியாகச் செய்யுங்கள். 25 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம், மேலே 12 மி.மீ. ஐ.எஸ். 710 மரைன் (தண்ணீர் தாங்கும்) பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 24 கிலோ வரும், 18 மி.மீ. என்றால் 36 கிலோ. கட்டில் உயரம் 10 அங்குலத்தைத் தாண்டினால் உட்காரும்போது தலை இடிக்கும். மெத்தை 3 அங்குலம் போதும். பிளைவுட்டில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளை போட மறக்காதீர்கள், இல்லையென்றால் வியர்வை வெளியேற வழியில்லாமல் ஒரே மாதத்தில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தைச் சீட் போல்ட் இருந்த துளைகளிலேயே பூட்டுங்கள். தரையில் புதிதாக டிரில் போடவே வேண்டாம், கீழே பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் போகின்றன. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் கட்டாயம். உப்புக்காற்றில் இரண்டும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

உப்புக்காற்று:
தெர்மோகோல் வேண்டாம். ரப்பர் பசை பட்ட இடத்தில் கரைந்து குழியாகிவிடும், மிச்சமிருப்பது ஓட்டத்தில் கீச்சுக் கீச்சென்று கத்தும். கிளாஸ் வூலும் வேண்டாம், மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். ஏ.சி. டக்டுக்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் கேளுங்கள். கூரைக்கு 19 மி.மீ., பக்கங்களுக்கு 13 மி.மீ. பசை தடவியே வருவதையும் நம்பாதீர்கள், மே மாத வெயிலில் கூரையிலிருந்து உரிந்து தொங்கும். தகட்டைத் தின்னர் போட்டுத் துடைத்து, வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள்.

வெள்ளிக் காகித ஷீட்டைத் தகட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டு "ஹீட் குறையல" என்று புலம்புகிறவர்கள் அதிகம். முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஒட்டிவிட்டால் அதுவும் இன்னொரு தகடுதான். கண்ணாடிக்கு உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் திரை போட்டால் பலன் பல மடங்கு.

கதவுக்குள் ஷீட் திணிக்கிறபோது அடி விளிம்பில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். ஈகோ கதவு அடியில் துருப்பிடிக்க இது ஒன்றே போதும். ஒட்டுவதற்கு முன்பே எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் மேல் வேலை. ஸ்க்ரூ 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), கிடைக்காவிட்டால் 304.

கூரை ஃபேனுக்குப் பதில், பின்கதவுப் பூட்டில் நீட்டுக் கொக்கி மாட்டி நாலு விரற்கடை திறந்து நிறுத்துங்கள். இடைவெளியில் காந்தப் பட்டை தைத்த நைலான் கொசுவலை, அதில் 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, காற்றை வெளியே தள்ளும்படி. முன் ஜன்னல் வழியாகக் காற்று தானே உள்ளே வரும்.

பன்னிரண்டு வோல்ட்:
இன்வெர்ட்டர் பேட்டரியை வீட்டிலேயே விடுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போகும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு விடும். தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பொருளா அது?

கணக்கு இப்படி. ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட். நம்ம வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும், ஆக 600 வாட்-மணி. ஃபேன் 20 வாட் எட்டு மணிக்கு 160, லைட்டும் போனும் சேர்த்து 80. மொத்தம் 840. 12.8 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-மணி, அதில் 80 சதவீதம் எடுத்தால் 1,024. ஒரு நாளைக்குச் சரி. 200 வாட் சோலார், நாலரை மணி நல்ல வெயில், இழப்பு கால் பங்கு போக 675 தரும். குறைகிற 165ஐ இன்ஜின் பக்கமிருந்து இந்தப் பேட்டரிக்கு அளவாக ஏற்றும் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் நாற்பது நிமிட ஓட்டத்தில் நிரப்பிவிடும். இன்ஜின் பேட்டரியோடு லித்தியத்தை நேராக இணைக்காதீர்கள், அது இழுக்கிற கரன்ட்டில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றி மின்சாரம் தரும் பாகம்) வெந்துவிடும்.

பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற உச்சம் 45 டிகிரி. பூட்டி வெயிலில் நிற்கும் வேன் அதைச் சுலபமாகத் தாண்டும். பேட்டரியை மேலே தொங்கவிடாமல் தரையோடு, நிழல் விழும் பக்கமாக வையுங்கள்.

"ஃபிரிட்ஜ் அடிக்கடி கட்டாகிறது" என்று வருகிற புகார்களில் பாதி மெலிந்த வயரால். 3 மீட்டர் தூரம் போக வர 6 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் போனால் 0.42 வோல்ட் வழியிலேயே தொலையும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் ஃபிரிட்ஜின் குறைவோல்ட் பாதுகாப்பு வெட்டிவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.18தான். டி.சி.-டி.சி. வயருக்கு 10 சதுர மி.மீ., இரண்டு முனையிலும் 40 ஆம்பியர் ஃப்யூஸ். லித்தியத்தின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். வீட்டு வயர் வேண்டாம், தகரம் பூசிய செப்பு வயர் வாங்குங்கள். கடலோரத்தில் சாதாச் செம்பு முனையில் பச்சை பூத்துவிடும். எண்ணூர் பக்கம் போனால் சோலார் பேனலில் அனல்மின் நிலையச் சாம்பல் படியும், ஈரத்துணியால் அவ்வப்போது துடைக்கணும்.

திருவொற்றியூர்வாசி:
ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு: உள்ளே கேஸ் அடுப்பு? ராத்திரி இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுப் படுக்கலாமா?

உப்புக்காற்று:
ஏ.சி. போட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்தது ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடால். இன்ஜின் புகையிலும் அதே விஷம்தான், வாசனையே இருக்காது. நூறு முறை ஒன்றும் ஆகாமல் போகலாம், அதற்காக நம்பமுடியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலையணை உயரத்தில் மாட்டிவிடுங்கள்.

பட்டறைப்பக்கம்:
அடுப்பு பின்கதவுக்கு வெளியே மடக்குப் பலகையில். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், பக்கத்திலேயே உங்கள் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு பொறி போதும். சின்ன பியூட்டேன் டப்பாவையும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று அதன்மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் கால் பம்ப்பும் போதும். அந்த இடத்தில் மட்டும் பிளைவுட் மேல் ஃபைபர் மேட்டும் ரெசினும் போடுங்கள், காசிமேட்டில் படகு வேலைக்கு விற்கிற அதே சரக்கு. ஹார்டனர் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்ப்பது) ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ரெசினில் கோபால்ட் முழுக்கக் கலந்த பிறகே ஹார்டனர். மத்தியானம் செய்தால் கப்பிலேயே கட்டியாகிவிடும், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.