மாலை ஆறு மணிக்கு மேல் வி.ஆர். இடது கை மட்டும் பறந்துபோகிறது: என்ன கோளாறு? இன்னும் மூன்று வாங்கலாமா?

பாளைக்காரன் | செவ்வாய், இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் சிறிய கேம் சென்டர் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் எஸ்.டி.டி. பூத், பிறகு பிரவுசிங் சென்டர், இப்போது நான்கு கம்ப்யூட்டரும் இரண்டு பிளேஸ்டேஷனும். ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரு குவெஸ்ட் 2 வி.ஆர். ஹெட்செட் (தலையில் மாட்டினால் ஆட்டத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் மெய்நிகர் கருவி) கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரமாக ஓட்டுகிறேன்.

பகலில் ஒரு குறையும் இல்லை. மாலை ஆறு, ஆறரைக்கு மேல்தான் இடது கை கன்ட்ரோலர் மனம்போனபடி அலைகிறது. பாட்டுக்கு ஏற்பப் பறந்துவரும் கட்டைகளை இரு கை வாளால் வெட்டும் பீட் சேபர் ஆடும்போது இடது வாள் திடீரென்று கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். அதற்குள் நான்கு கட்டைகள் வெட்டுப்படாமல் கடந்துபோயிருக்கும். நேற்று ஒரு பையன் பாட்டு முடியப் பத்து விநாடி இருக்கையில் இப்படித் தோற்று, காசைத் திருப்பிக் கேட்டான். நியாயம்தானே, கொடுத்துவிட்டேன். வலது கைக்கு ஒன்றும் ஆவதில்லை.

பேட்டரி மாற்றினேன். கன்ட்ரோலரை நீக்கி மறுபடியும் இணைத்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் தொடங்கியும் பார்த்தேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு டியூப் லைட், ஒரு மின்விசிறி, வெள்ளையடித்த சுவர்.

இரண்டாவது கேள்வி. மச்சானின் நண்பரிடம் இன்னும் மூன்று ஹெட்செட்டுகள் விலைக்கு இருக்கின்றன. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கி, ஆனித் தேரோட்டத்தை ஒட்டிப் போடும் பொருட்காட்சியில் ஒரு ஸ்டால் எடுக்கலாமா என்று யோசனை. சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி, ‘வி.ஆர். செத்துப்போய்விட்டது’ என்கிறான். மச்சானோ ‘அடுத்த பத்து வருடம் இதுதான்’ என்கிறார். இருவரும் என் கல்யாணப் பந்தியிலேயே பேசிக்கொள்ளாதவர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

வண்ணாரப்பேட்டை வயர்மேன் | செவ்வாய், இரவு 11.15

அண்ணாச்சி, மாலையில் மட்டும் என்றால் எனக்கு டியூப் லைட் மேல்தான் சந்தேகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஹெட்செட்டின் கேமராவுக்குத் தெரியும். அமைப்புகளில் டிராக்கிங் (கை, தலை அசைவைப் பின்தொடர்வது) அதிர்வெண் என்று ஒன்று இருக்கும். தானியங்கி, 50, 60 என மூன்று தேர்வுகள். 50இல் வையுங்கள். ஷார்ஜாவிலும் 50தான், ஆகவே அங்கிருந்து தவறாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு. சவூதியிலிருந்து வந்திருந்தால் அங்கே 60. எதற்கும் பார்த்துவிடுங்கள்.

தென்காசித் தூறல் | புதன், காலை 6.50

பேட்டரி மாற்றினேன் என்கிறீர்கள், அது உள்ளே ஆடுகிறதா என்று பார்த்தீர்களா? வேகமாக வீசும்போது ஸ்பிரிங் அமுங்கி, கணநேரம் தொடர்பு விட்டுப்போகும். காகிதத்தை மடித்துப் பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவில் வைத்தால் சரியாகிவிடும். என்னுடையதில் அதுதான் கோளாறு. பீரோக் கண்ணாடி இருந்தாலும் வினைதான், வேட்டியை எடுத்து மூடுங்கள்.

பாளைக்காரன் | புதன், பகல் 1.20

50இல் வைத்துவிட்டேன். பேட்டரிக்குக் காகிதமும் வைத்தேன். அறையில் கண்ணாடி கிடையாது. இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் பகலில் எப்போதுமே நன்றாகத்தானே ஓடுகிறது. மாலை வரட்டும்.

பாளைக்காரன் | புதன், இரவு 8.05

மாலை வந்தது. வாள் கூரைக்குப் போனது.

அம்பை இயற்பியல் ஆசிரியை | புதன், இரவு 9.30

தம்பி, பேட்டரிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆறு மணிக்கு மேல் உங்கள் கடையில் எது மாறுகிறது என்று யோசியுங்கள். டியூப் லைட்டைப் பகலிலும் போடுகிறீர்களா? ஆடுபவரின் இடது கைப் பக்கச் சுவரில் என்ன இருக்கிறது?

பாளைக்காரன் | புதன், இரவு 9.48

பகலிலும் எரிகிறது அக்கா, ஜன்னல் இல்லாத அறை. இடது பக்கச் சுவரில் சாமி படங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா வந்து பத்தி கொளுத்தி, படத்தைச் சுற்றியிருக்கும் சீரியல் பல்பைப் போட்டுவிட்டுப் போவார். கடை அடைக்கும்வரை அது விட்டுவிட்டு எரியும்.

தட்டச்சு செய்யும்போதே புரிந்துவிட்டது அக்கா.

அம்பை இயற்பியல் ஆசிரியை | புதன், இரவு 10.10

அதேதான். உங்கள் கன்ட்ரோலரின் வளையத்துக்குள் சிறுசிறு அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. ஹெட்செட்டின் நான்கு கேமராக்களும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கை எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. நம் கண்ணுக்கு அவை தெரியாது. சில போன்களின் முன்பக்கக் கேமராவை நீட்டினால் வெளிறிய ஊதா நிறத்தில் மங்கலாகத் தெரியும், செய்து பாருங்கள். விட்டுவிட்டு எரியும் சிறு பல்பு வரிசையும் ஹெட்செட்டின் கேமராவுக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கை எது, சரம் எது என்று அது தடுமாறுகிறது. வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் மர விளக்குகளால் இதே தொல்லை வரும்.

இன்னொன்று. மூன்று சுவரும் வெறும் வெள்ளை என்றால் அதுவும் நல்லதல்ல. தன் இடத்தை அறிய ஹெட்செட்டுக்குப் பிடிமானமாக ஏதாவது வேண்டும். மூலை, சட்டம், எழுத்து, எதுவானாலும் சரி. நான்கு காலண்டர் மாட்டுங்கள்.

பாளைக்காரன் | வியாழன், இரவு 9.15

சரத்தை அணைத்து நாற்பது நிமிடம் ஆடினேன், வாள் கையை விட்டு அசையவில்லை. போட்டேன், மூன்றாவது பாட்டில் கூரைக்குப் போனது. மறுபடி அணைத்தேன், இறங்கி வந்தது. அப்பாவிடம் சொன்னேன். ‘பூத் காலத்திலிருந்து எரிகிற விளக்கை ஒரு பொம்மைக்காக அணைக்கச் சொல்கிறாயா’ என்றார். படங்களை அப்படியே கல்லாவுக்கு மேலே மாற்றி மாட்டிவிட்டோம், நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது. நல்ல இடம் என்று அவருக்கும் திருப்தி. காலண்டர் ஐந்து மாட்டியாயிற்று, எல்லாம் நகைக்கடைக் காலண்டர்கள்.

ஆசிரியை அக்காவுக்குக் கோடி நன்றி. அந்த இரண்டாவது கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள், மச்சான் தினமும் போன் செய்கிறார்.

மேலப்பாளையம் பழைய ஆட்டக்காரர் | வியாழன், இரவு 11.00

நான் சொல்கிறேன். 2016இலிருந்து இதில் காசு போட்டு ஏமாந்தும் மகிழ்ந்தும் இருக்கிறேன், இரண்டையும் கேளுங்கள்.

உங்கள் தம்பி சொல்வது இன்று புதிதாகச் சொல்லும் சொல் அல்ல. 2012இல் வி.ஆர். ஹெட்செட் செய்ய ஆக்குலஸ் நிறுவனம் பொதுமக்களிடம் 24 லட்சம் டாலர் திரட்டியபோது உலகமே மாறப்போகிறது என்றார்கள். 2014இல் ஃபேஸ்புக் அதைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் ரிஃப்ட், வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். என மூன்று ஹெட்செட்டுகள் ஒரே ஆண்டில் வந்தன. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது வி.ஆருக்குக் கருமாதி செய்கிறார்கள், யாராவது பெயர் சூட்டு விழா நடத்துகிறார்கள். நடுவில் அது பாட்டுக்கு மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

சாகவில்லை. உங்கள் கையில் இருப்பதே அதற்குச் சாட்சி. கம்ப்யூட்டரும் கேபிளும் தூண் சென்சாரும் இல்லாமல் 299 டாலருக்கு 2020இல் வந்த பொருள் அது. ஆனால் மச்சான் சொல்வதுபோல் கொடிகட்டிப் பறக்கவும் இல்லை. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆடுபவர்களில் வி.ஆர். ஹெட்செட் வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சுமார் 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்தான் மெட்டா, உங்கள் குவெஸ்டும் அவர்களுடையதுதான். அதன் வி.ஆர். வேலைகளைப் பார்க்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் ஏறத்தாழ 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அந்த ஆண்டிலேயே வி.ஆர். கேம் செய்துவந்த ரெடி அட் டான் ஸ்டூடியோவை மெட்டா மூடியது, லண்டன் ஸ்டூடியோவைச் சோனி மூடியது. விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற தன் வி.ஆர். அமைப்பை மைக்ரோசாஃப்ட் கைவிட்டு, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தேவிட்டது. அந்த வகை ஹெட்செட்டை யாராவது மலிவாகத் தந்தால் வாங்கிவிடாதீர்கள், அந்தப் பதிப்பில் அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது.

என் குறை வேறு. 2020இல் வந்த ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் என்ற வி.ஆர். கேமை ஆடியபோது, அலமாரியில் கிடந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தே கால் மணி நேரம் போக்கினேன். இனிமேல் இப்படித்தான் வரும் என்று நம்பினேன். அந்தத் தரத்தில் வந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். ஆள் குறைவாக இருப்பதால் பெரிய கேம் வருவதில்லை, பெரிய கேம் வராததால் ஆள் சேர்வதில்லை. என் ஹெட்செட் வருடத்தில் எட்டு மாதம் பீரோ மேல் இருக்கிறது. அது கெட்ட பொருள் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து வருபவன் நாற்காலியைத் தள்ளி, இடம் ஒதுக்கி, அரைக் கிலோவைத் தலையில் மாட்ட யோசிக்கிறான். அவ்வளவுதான்.

ஆனால் அதே காரணத்தால் உங்கள் தொழிலுக்கு இது பொருந்தும். வீட்டில் அலுத்துப்போவது திருவிழாவில் அலுக்காது. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

ராதாபுரம் காற்றாலை | வெள்ளி, காலை 7.20

எதிர்காலம் பற்றி ஒரு வரி. எங்கள் வேலையில் காற்றாலைக் கோபுரம் ஏறும் முன் பயிற்சிக்கு இதைத்தான் மாட்டிவிட்டார்கள். மேலே போய்க் கீழே பார்த்தபோது உண்மையாகவே முழங்கால் நடுங்கியது. கேம் போனாலும் பயிற்சி போகாது.

மேலப்பாளையம் பழைய ஆட்டக்காரர் | வெள்ளி, காலை 8.00

உண்மை. ஆனால் அண்ணாச்சி பொருட்காட்சியில் கோபுரம் ஏற்றி யாரிடம் காசு வாங்குவார்?

கணக்குக்கு வருவோம். ஐந்து நிமிடம் ஆட்டம் என்றால் மாட்ட, கழற்ற, துடைக்க, விளக்கிச் சொல்ல மூன்று நிமிடம். மணிக்கு ஏழு பேர். பேட்டரி இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும், பிறகு பவர் பேங்கில் தொங்கவேண்டும். நான்கு ஹெட்செட் என்றால் நான்கு பேரைப் பிடித்து நிற்க நான்கு ஆள் வேண்டும். கூலி கொடுத்துக் கட்டாது. ஒரே ஹெட்செட், பக்கத்தில் பெரிய டி.வி., உள்ளே இருப்பவர் பார்ப்பது வெளியே நிற்பவருக்கும் தெரியவேண்டும். ஒருவர் அலறினால் இருபது பேர் கூடுவார்கள். காசு அந்தக் கூட்டத்தில் இருக்கிறது.

கோபிக்காமல் கேளுங்கள், வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய கேமைக் கடையில் காசுக்கு ஓட்டப் பொதுவாக அனுமதி கிடையாது. வணிக உரிமம் தனியாக வாங்கவேண்டும். மூன்று வாரம் ஓட்டியாயிற்று, இனியாவது ஒவ்வொரு கேமுக்கும் விதியைப் படித்துவிடுங்கள். குழந்தைகளையும் கண்டபடி ஏற்றாதீர்கள். மெட்டா பெற்றோர் கண்காணிப்போடு பத்து வயதிலிருந்துதான் கணக்கு அனுமதிக்கிறது, அதுவும் 2023இல் குறைத்தது. முன்பு பதின்மூன்று.

மேலும், உங்களிடம் இருப்பது பழைய தலைமுறை. 2023இல் குவெஸ்ட் 3, 2024இல் அதே 299 டாலருக்கு 3எஸ் வந்துவிட்டன. புதிய கேம்கள் பல அவற்றுக்கே வருகின்றன. 2025 நவம்பரில் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் ஸ்டீம் ஃபிரேம் என்ற ஹெட்செட்டை அறிவித்தது. இந்த நேரத்தில் அடகு வைத்துப் பழையதை மூன்று வாங்குவது, தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிப்பதுபோல.

அம்பை இயற்பியல் ஆசிரியை | வெள்ளி, இரவு 8.40

ஸ்டால் போடுவதாக இருந்தால் ரோலர் கோஸ்டர் மட்டும் வேண்டாம் தம்பி. எங்கள் ஊரிலிருந்து மாஞ்சோலை பஸ்ஸில் போகும்போது புத்தகம் படித்தால் வாந்தி வருமே, அதே சங்கதியின் தலைகீழ். அங்கே உடல் அசைகிறது, கண் அசையவில்லை என்கிறது. இங்கே கண் பாய்கிறது, உள்காது நாற்காலியில்தான் இருக்கிறேன் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு கலங்குகிறது. பீட் சேபரில் நின்ற இடத்திலேயே ஆடுவதால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. திருவிழாவில் எல்லோரும் வயிறு நிறையத் தின்றுவிட்டு வருவார்கள், நினைவிருக்கட்டும். முகத்துக்கு நேரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். வியர்வையும் குறையும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பதும் தெரியும்.

லென்ஸ் இடைவெளியையும் ஒவ்வொருவரின் கண் இடைவெளிக்கு ஏற்ப மாற்றுங்கள். குவெஸ்ட் 2இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகள். கையால் லென்ஸைப் பிடித்து நகர்த்தவேண்டும். பலர் மங்கலாகத் தெரிகிறது என்று திட்டுவது இதை மாற்றாததால்தான்.

தென்காசித் தூறல் | வெள்ளி, இரவு 9.10

துடைப்பது பற்றி நானும் ஒன்று சொல்லவேண்டும். வியர்வை நாற்றம் என்று அம்மா என் ஹெட்செட்டை மொட்டை மாடியில் கூழ் வடகத்துக்குப் பக்கத்தில், லென்ஸ் வானத்தைப் பார்க்க, காயவைத்துவிட்டார்கள். அரை மணி நேரம்கூட இருக்காது. லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் மிளகு அளவு மஞ்சள் பொட்டு வைத்துவிட்டது. இன்றும் எந்த வானத்தைப் பார்த்தாலும் அந்தப் பொட்டு கூடவே வருகிறது. வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள், வெயிலில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பாளைக்காரன் | சனி, இரவு 10.25

மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘உன் தம்பி பேச்சைக் கேட்டுவிட்டாய்’ என்று வருத்தம். தம்பியிடம் ஒரு ஹெட்செட்டோடு ஸ்டால் போடுகிறேன் என்றேன், ‘மச்சான் பேச்சைக் கேட்டுவிட்டாய்’ என்று அவனுக்கும் வருத்தம். நகை வீட்டில் இருக்கிறது, என் மனைவிக்கு மட்டும் வருத்தமில்லை.

உரிமம் வாங்காத கேம்களை இன்றோடு நிறுத்திவிட்டேன். கடை டி.வி.யையே ஸ்டாலுக்குத் தூக்கிப்போகலாம். ஃபேன்தான் இல்லை. வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு கேட்பார்கள்?

வண்ணாரப்பேட்டை வயர்மேன் | சனி, இரவு 10.50

வாடகை எதற்கு அண்ணாச்சி, என்னிடம் இரண்டு கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடகடவென்று சத்தம் போடும், அதை டி.வி. பக்கம் வைக்காதீர்கள். ஸ்டாலில் மேலே சீரியல் பல்பு கட்டித் தருகிறோம் என்று பந்தல்காரர் வருவார். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.