லெனினுக்குப் பிறகு ஸ்டாலின் எப்படி மேலே வந்தார்?

கேள்வி (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

1924 ஜனவரி 21 இல் லெனின் இறந்தபோது, செஞ்சேனையைக் கட்டியெழுப்பிய ட்ரொட்ஸ்கியைத்தான் உலகத்துக்குத் தெரியும். ஸ்டாலின் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர், அதாவது கந்தோர் வேலை பார்த்தவர். பிறகு ஐந்தாறு வருடத்துக்குள் எல்லாம் எப்படி அவர் கைக்குப் போனது? அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றச் சொல்லி லெனினே எழுதிவைத்திருந்தாரே? டியூஷன் நோட்ஸில் 'தந்திரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பதில் (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மருதானை)

மகள், விடை அந்தக் கந்தோர் வேலைக்குள்தான் இருக்கிறது. எழுபதுகளில் இங்கே ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு எழுதியவன் நான். ஒரு மாநாட்டில் எங்கள் தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார், மண்டபமே கைதட்டியது. வாக்கெடுப்பில் தோற்றுப்போனார். எந்தக் கிளையிலிருந்து யார் வருவது என்று முன்பே தீர்மானித்தவர் பின் அறையில் இருந்த உதவிச் செயலாளர். அந்தப் பெயர்களை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அதன் அர்த்தம் எனக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது.

ஸ்டாலின் 1922 ஏப்ரலில் அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எந்த மாகாணக் கட்சிக்கு யார் செயலாளர் என்பது அவருடைய செயலகத்தில் முடிவானது. அந்தச் செயலாளர்கள் மாநாட்டுக்கு ஆட்களை அனுப்பினார்கள், மாநாடு கட்சியை நடத்தும் மத்திய குழுவைத் தெரிவுசெய்தது. லெனின் இறந்த கையோடு அவர் பெயரிலேயே 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்களைக் கட்சியில் சேர்த்தார்கள். பழைய விவாதங்கள் எதையும் அறியாதவர்கள், சேர்த்த இடத்துக்கு விசுவாசமாக இருந்தார்கள்.

1925 டிசம்பர் மாநாட்டில் கட்சியின் மூத்த தலைவரான காமனேவ் எழுந்து, ஸ்டாலினால் கட்சியை ஒன்றுபடுத்த முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். சபை கூச்சல் போட்டு அடக்கியது. அப்புறம் காமனேவின் கூட்டாளி சினோவியேவின் கோட்டையான லெனின்கிராடுக்கு ஸ்டாலினின் ஆளான கீரொவை அனுப்பி, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

பதில் (கொட்டாஞ்சேனை)

ஐயா, பதிவேடு மட்டும் போதுமா? உள்நாட்டுப் போரில் களைத்துப்போன மக்களிடம் 'ஒரே நாட்டில் சோசலிசம்', அதாவது உலகப் புரட்சிக்குக் காத்திராமல் நம் நாட்டிலேயே கட்டலாம் என்ற ஸ்டாலினின் பேச்சு எடுபட்டது. ட்ரொட்ஸ்கியோ லெனினின் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. ஸ்டாலின் அதற்கு முதல் நாள் அஞ்சலிக் கூட்டத்தில் லெனின் பெயரில் சபதம் எடுத்தார்.

பதில் (மருதானை)

சரி தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ட்ரொட்ஸ்கி சிகிச்சைக்காகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார். தனக்குப் பிழையான நாளைச் சொன்னார்கள் என்று பின்னாளில் எழுதினார். ஆனால் 1927 நவம்பரில் அவரைக் கட்சியிலிருந்து நீக்கக் கை உயர்த்தியது மக்கள் அல்ல, அப்படி ஆள் சேர்த்து உருவான மத்திய குழு போன்ற கட்சிக் குழுக்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியென்றால் லெனினின் கடிதம், ஐயா?

பதில் (மருதானை)

அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும், மகள். 1924 மே மாதம் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா அதைக் கட்சியிடம் கொடுத்தார். ஸ்டாலின் முரட்டுக் குணமுள்ளவர் என்று அதில் இருந்தது. அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் சினோவியேவும் காமனேவும்தான். அவர்கள் பயந்தது ட்ரொட்ஸ்கிக்கு. ட்ரொட்ஸ்கியும் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்ட கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. 1936 ஆகஸ்டில் சினோவியேவையும் காமனேவையும் சுட்டுக் கொன்றார்கள். சோவியத் மக்கள் அந்தக் கடிதத்தைத் தாராளமாகப் படிக்கக் கிடைத்தது 1956 இல்.