கிரீனிச் குண்டுவெடிப்பு நடை: போய்வந்த கதை

லண்டனில் வரலாற்று நடை என்றாலே பலரும் ஜாக் தி ரிப்பர் என்ற பழைய கொலைகாரன் பக்கம்தான் ஓடுகிறார்கள். நான் போனது கிரீனிச் பூங்காவில் 1894 பிப்ரவரி 15 அன்று வெடித்த குண்டைப் பற்றிய நடை. கூட்டம் குறைவு. வழிகாட்டியை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது, கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

அந்த அம்மா கதையைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். பூங்காவுக்குப் போகாமல் நேரே பழைய கடலோடிகள் மருத்துவமனை முன்னால் (இப்போது பல்கலைக்கழகக் கட்டடம்) நிறுத்தி, மார்சியால் பூர்தான் செத்தது இங்கேதான் என்றார். பிரெஞ்சுக்காரர், வயது 26, தையல்காரர், அனார்க்கிஸ்ட் (அரசாங்கமே கூடாது என்கிற கட்சி). கையிலிருந்த குண்டே வெடித்து இடது கை போய், வயிறு கிழிந்து, அப்படியும் அரை மணி நேரம் போல உயிர் இருந்திருக்கிறது, பேசவும் முடிந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாரே தவிர, எதற்காக வந்தார் என்று மூச்சு விடவில்லை.

அப்புறம் குண்டு வெடித்த மேடு. வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் பாதி தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ராயல் அப்சர்வேட்டரி என்ற வானாய்வுக்கூடம் தலைக்கு மேலே தெரிகிறது, அவ்வளவு பக்கம், ஆனாலும் கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. உள்ளே வேலையில் இருந்த தாக்கரே, ஹோலிஸ் என்ற இரண்டு உதவியாளர்கள் சத்தம் கேட்டதும் முதலில் செய்தது மணி பார்த்துக் குறித்துக்கொண்டதுதான்: மாலை 4.51. வானியல்காரர்கள் வேறென்ன செய்வார்கள்!

சரி, ஏன் அப்சர்வேட்டரி? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். 1884-ல் வாஷிங்டன் மாநாட்டில் கிரீனிச் முதன்மை தீர்க்கரேகை (உலகம் முழுக்க இடத்தையும் நேரத்தையும் கணக்கிடத் தொடங்கும் கோடு) ஆனபோது பிரான்ஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது, 1911 வரை பாரீஸ் நேரத்தையும் விடவில்லை, ஆகவே பிரெஞ்சுக்காரர் ஒருவர் உலகத்தின் கடிகாரத்தையே உடைக்க வந்தார் என்று கூட வந்த ஒருவர் அடித்துச் சொன்னார். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நாடே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுக்கு பிரான்ஸின் ரோஷம் எதற்கு என்று வழிகாட்டி கேட்டதும் ஆள் கப்சிப். வெடிமருந்து ஆய்வாளர் கர்னல் மஜெண்டியும் இலக்கு அப்சர்வேட்டரிதான் என்று முடிவு கட்டியவர், அது வேறு விஷயம்.

என்னை உறுத்தியது பணம். பூர்தான் பையில் 13 பவுண்டு இருந்ததாம், அந்தக் காலத்துத் தையல்காரருக்குப் பெரிய தொகை. குண்டு போடப் போகிறவர் அதை ஏன் சுமக்க வேண்டும்? ஒன்று, அப்படியே பிரான்ஸுக்குத் தப்பிக்க நினைத்திருக்க வேண்டும், இல்லை குண்டை யாரிடமோ கைமாற்றிவிட வந்திருக்க வேண்டும். மூன்று நாள் முன்புதான் பாரீஸில் எமில் ஆன்றி என்ற அனார்க்கிஸ்ட் கஃபே டெர்மினஸில் குண்டு வீசியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதுவும் அங்கே போக வேண்டிய குண்டோ என்று தோன்றி, எனக்குக் கைமாற்றும் கதைதான் நம்பும்படி இருக்கிறது. பூர்தானின் மைத்துனர் சாமுவேல்ஸ் போலீஸின் ஆள், அவர்தான் இவரை மாட்டிவிட்டார் என்று டேவிட் நிக்கோல் என்ற இன்னொரு அனார்க்கிஸ்ட் துண்டுப்பிரசுரமே போட்டார். நிரூபணம் ஆகவில்லை. இந்தச் சம்பவத்தை வைத்து ஜோசப் கான்ராட் 1907-ல் எழுதிய 'தி சீக்ரெட் ஏஜென்ட்' நாவலிலும் மைத்துனர்தான் வில்லங்கம்.

போகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே தீர்க்கரேகைக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுக்க டிக்கெட் வாங்க வேண்டும். வாசல் சுவரில் இருக்கும் 1852-ஆம் ஆண்டுக் கடிகாரத்தைப் பார்க்கக் காசு கிடையாது. முகத்தில் 24 மணி இருக்கிறது, கோடையில் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைத்தாலும் இது கிரீனிச் நேரமே காட்டும், அதைப் பார்த்து ரயிலைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

வின்ட்மில் தெருவில் போலீஸ் சோதனை போட்ட ஆட்டோனமி கிளப் (அனார்க்கிஸ்டுகள் கூடும் இடம்) பக்கமும், பூர்தானைப் புதைத்த ஃபின்ச்லி கல்லறைப் பக்கமும் எங்கள் நடை போகவில்லை. இறுதி ஊர்வலத்தில் ஜனங்கள் கூச்சல் போட்டுத் துரத்தினார்கள் என்று மட்டும் வழிகாட்டி சொன்னார். அந்த இடங்களுக்கு யாராவது நடை போயிருந்தால் இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்களேன்.