கலைச்சொல் வேண்டல்: பட்டயப் பள்ளிக்கு ஒப்புதல் தந்து கண்காணிக்கும் அமைப்பை எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

கலிபோர்னியாவில் சார்ட்டர் ஸ்கூல் எனப்படும் பள்ளிகளைப் புதிதாகத் தொடங்கக் கொடுக்கப்படும் மனுக்கள் எப்படி ஆராயப்படுகின்றன என்பதை அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு விளக்கும் கையேடு ஒன்று தயாராகிறது. பள்ளியைப் 'பட்டயப் பள்ளி' என்றே எழுதியிருக்கிறோம். சிக்கல் 'ஆதரைசர்' என்ற சொல்லில்தான். மனு யாரிடம் போகிறதோ, அதை ஏற்பதும் மறுப்பதும் யார் கையில் இருக்கிறதோ, அந்த அமைப்பு. சட்டத்தில் 'சார்ட்டரிங் அத்தாரிட்டி' என்று வருகிறது. வரைவில் இப்போது 'அங்கீகரிப்பாளர்' என்று வைத்திருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல் என்பதால் நீண்ட தொடராக இல்லாமல் இருந்தால் நல்லது.

———

வணக்கம் ஐயா.

'அங்கீகரிப்பாளர்' வேண்டாம். தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த எவருக்கும் 'பள்ளி அங்கீகாரம்' என்றால் தனியார் பள்ளிதான் நினைவுக்கு வரும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வாங்கிக் கல்வித் துறையிடம் பெறுவது அது. அந்தப் பள்ளி கட்டணம் வாங்கும், நிர்வாகம் தனியாருடையது. பட்டயப் பள்ளி அப்படியல்லவே. பொதுப்பணத்தில் நடப்பது, கட்டணம் கூடாது, சமயச் சார்பு கூடாது, இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் குலுக்கல் நடத்தியே சேர்க்க வேண்டும். 'அங்கீகாரம்' என்று எழுதினால் முதல் வரியிலேயே பெற்றோர் இதைத் தனியார் பள்ளி என்று எண்ணிவிடுவார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் 'இசைவாணை' நமக்குப் பழகிய சொல். அதையொட்டி 'இசைவளிப்பாளர்' எனலாம்.

இன்னொன்றும் யோசியுங்கள். இங்கே பட்டயம் என்றால் டிப்ளமோ. 'பட்டயப் பள்ளி' என்றதும் பாலிடெக்னிக் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். 'சாசனப் பள்ளி' ஆகுமா?

———

> 'இசைவளிப்பாளர்' எனலாம்.

அங்கீகாரம் பற்றி அம்மா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'இசைவளிப்பாளர்' என்பதும் போதாது என்பேன். மனு போகும் வழியை முழுதாகப் பார்த்தால் காரணம் விளங்கும். கையேட்டுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கலிபோர்னியக் கல்விச் சட்டத்தின் 47605ஆம் பிரிவுதான் அடிப்படை. மனு முதலில் போவது பள்ளி மாவட்டத்திடம், அதாவது அப்பகுதிப் பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பிடம். மனுவைக் கொடுக்கும் முன்பே கையொப்பம் திரட்டியாக வேண்டும். முதலாண்டில் எத்தனை மாணவர் சேர்வார்கள் என்று மனு மதிப்பிடுகிறதோ அதில் பாதிக்குக் குறையாத எண்ணிக்கையில் பெற்றோர். அல்லது முதலாண்டில் எத்தனை ஆசிரியரை அமர்த்தப் போகிறதோ அதில் பாதிக்குக் குறையாத ஆசிரியர். 120 மாணவர், 8 ஆசிரியர் என்று திட்டமிட்டால் 60 பெற்றோர் அல்லது 4 ஆசிரியர். இரண்டில் ஒன்று போதும். ஏற்கெனவே நடக்கும் பொதுப்பள்ளியைப் பட்டயப் பள்ளியாக மாற்றுவதானால் கணக்கு வேறு: அப்பள்ளியில் பணி நிரந்தரம் பெற்ற ஆசிரியரில் பாதிப் பேராவது கையொப்பமிட வேண்டும். அங்கே பெற்றோர் கையொப்பம் ஈடாகாது.

கையொப்பத் தாளோடு மனுவும் இணைந்திருக்க வேண்டும். தம் பிள்ளையை இப்பள்ளியில் சேர்ப்பதில் உண்மையான நாட்டம் உண்டு என்பதே கையொப்பத்தின் பொருள் என்ற வாசகம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். கடைவாசலில் நின்று அவசரமாக வாங்கும் கையொப்பங்கள் இந்த இடத்தில்தான் அடிபடும். தொடக்கப்பள்ளி மனுவில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரே பிள்ளையின் தாய் கையொப்பமிட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாதிக்கு இரண்டு மூன்று மட்டும் கூடுதலாக வாங்கி நிறுத்திக்கொள்ளும் குழு ஆபத்தில் இருக்கிறது.

மனு முழுமையானது என்று மனுதாரரே சான்றளித்து ஒப்படைக்கும் நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும். 60 நாளுக்குள் பொதுக் கேட்பு. 90 நாளுக்குள் முடிவு. இரு தரப்பும் இசைந்தால் மேலும் 30 நாள். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு 15 நாள் முன்பே அலுவலரின் பரிந்துரை வெளியாக வேண்டும். அதற்கு மறுமொழி சொல்லக் கூட்டத்தில் மனுதாரருக்குச் சமமான நேரம் தர வேண்டும். ஏபி 1505 என்ற சட்டம் 2019இல் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வருவதற்கு முன் இவை 30, 60 நாள்களாக இருந்தன. பழைய விளக்கத் தாள்களிலிருந்து அந்த எண்களை எடுத்துவிடாதீர்கள்.

மனுவின் உடல் 15 கூறுகள். கல்வித் திட்டம், மாணவர் அடைய வேண்டிய அளவிடத்தக்க விளைவுகள், நிர்வாக அமைப்பு, பணியாளர் தகுதி, சேர்க்கை முறை, ஆண்டுத் தணிக்கை, இடைநீக்கமும் வெளியேற்றமும், ஓய்வூதியம், தகராறு தீர்க்கும் முறை என்று போய்ப் பள்ளியை மூடும் நடைமுறையில் முடியும். ஒவ்வொன்றும் 'நியாயமான அளவுக்கு விரிவாக' இருக்க வேண்டும் என்பது சட்ட வாசகம். வேறொரு பள்ளியின் மனுவிலிருந்து வெட்டி ஒட்டியதில் மற்ற மாவட்டத்தின் பெயர் அப்படியே நின்றால், மீதிப் பக்கங்களையும் அலுவலர் ஐயத்தோடுதான் படிப்பார். கடைசிக் கூறுதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. பள்ளி மூடினால் மாணவர் பதிவேடுகள் யாரிடம் போகும், இறுதித் தணிக்கையை யார் செய்வார், மிச்சச் சொத்து என்னாகும் என்பதற்கு விடை வேண்டும். தொடங்கும் உற்சாகத்தில் இருப்பவர்கள் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

மனுக்கள் மெய்யாகவே தோற்பது பணக் கணக்கில். தொடக்கச் செலவு உட்பட முதலாண்டு வரவுசெலவும், மூன்றாண்டுக்கான பணப்புழக்கமும் நிதி மதிப்பீடும் கேட்கப்படும். அரசு பணம் தருவது சராசரி நாள் வருகைக்கு. சேர்ந்த தலை எண்ணிக்கைக்கு அல்ல. 200 பேர் சேர்ந்து வருகை 95 விழுக்காடானால் 190 பேருக்குத்தான் பணம். அந்த 10 பேருக்கான தொகையையும் வரவில் எழுதிய மனு முதல் பக்கத்திலேயே பிழைபட்டது. பணம் வந்து சேரும் மாதமும் முக்கியம். ஆசிரியர் சம்பளமும் முன்வைப்பு வாடகையும் பள்ளி திறக்கும்போதே தேவை. ஆண்டு மொத்தம் சரியாக இருந்தாலும், ஏதோ ஒரு மாதத்தில் கையிருப்பு சுழிக்குக் கீழே போகிறதா என்று அலுவலர் மாதவாரியாகத்தான் பார்ப்பார். மாற்றுத்திறன் மாணவருக்கான சிறப்புக் கல்விச் செலவு அடுத்த பள்ளம். அந்தப் பொறுப்பில் பள்ளி தனித்து நிற்கிறதா, மாவட்டத்தின் பள்ளிகளில் ஒன்றாக இருக்கிறதா என்பது மனுவில் தெளிவாக இல்லையென்றால் செலவுக் கணக்கே நிற்காது.

கட்டடத்துக்கு 2000இல் வாக்காளர் ஏற்ற 39ஆம் முன்மொழிவு உண்டு. அம்மாவட்ட மாணவரில் 80 என்ற சராசரி நாள் வருகையை எதிர்பார்க்கும் பட்டயப் பள்ளிக்கு மாவட்டம் இடம் தர வேண்டும். ஆனால் முந்தைய கல்வியாண்டின் நவம்பர் 1க்குள் மனுவும் இட வேண்டுகோளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச் 15க்குள் பட்டயம் கைக்கு வந்திருக்க வேண்டும். டிசம்பரில் மனுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆகஸ்டில் மாவட்டக் கட்டடத்தில் திறப்போம் என்று எழுதுவது நடவாத திட்டம்.

மறுப்பதானால் அந்தக் குறிப்பிட்ட மனுவைச் சுட்டும் பொருண்மைக் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். கல்வித் திட்டம் பொருத்தமற்றது, திட்டத்தை இவர்களால் நிறைவேற்ற இயலாது, கையொப்பம் போதவில்லை, கூறுகள் விரிவாக இல்லை போன்றவை பழைய காரணங்கள். 2019இல் இரண்டு சேர்ந்தன. ஒன்று, அவ்வட்டாரச் சமூகம் முழுவதன் நலனுக்கும் இது உதவாது என்பது: இருக்கும் பள்ளிச் சேவைகளைப் புதிய பள்ளி வெகுவாகக் குலைக்குமா, இடம் காலியாக உள்ள பக்கத்துப் பள்ளி தரும் அதே திட்டத்தைத் திரும்பத் தருகிறதா என்று பார்ப்பார்கள். இன்னொன்று, நிதி நெருக்கடியில் உள்ள மாவட்டத்தால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பது. மனுதாரர்கள் தயாராகாமல் வந்து திணறுவது முதலாவதில். அருகிலுள்ள பள்ளிகளின் திட்டங்களை ஒன்றொன்றாக எடுத்து, தாம் எங்கே வேறுபடுகிறோம் என்று மனுவிலேயே காட்டியிருக்க வேண்டும்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். மாவட்டம் மறுத்தால் 30 நாளுக்குள் கவுண்டிக் கல்விக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள ஆட்சிப் பகுதி. மனுவில் முக்கியமான எதையாவது மாற்றியிருந்தால் கவுண்டி அதை மாவட்டத்துக்கே திருப்பும். கவுண்டி ஏற்றால் கவுண்டியே பொறுப்பேற்கும். அங்கும் மறுத்தால் மாநிலக் கல்விக் குழு. மாநிலக் குழு மனுவைப் புதிதாக எடைபோடுவதில்லை. கீழேயுள்ளவர்கள் தம் விருப்புரிமையை (தாமே எடைபோட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தை) முறைகேடாகப் பயன்படுத்தினார்களா என்பதை மட்டும், பெரும்பாலும் முந்தைய ஆவணத் தொகுப்பை வைத்தே பார்க்கிறது. அதனால் மறுப்பு நடந்த கூட்டத்தின் எழுத்துப் பதிவை மனுதாரர் உடனே கேட்டு வாங்க வேண்டும். கேட்ட 10 வேலைநாளுக்குள் தந்தாக வேண்டும். மறுப்பு தவறு என்று மாநிலக் குழு தீர்த்தால், பள்ளியைக் கண்காணிக்கும் வேலையைத் தானே வைத்துக்கொள்ளாது. மனுதாரரைக் கலந்துகொண்டு மாவட்டத்தையோ கவுண்டியையோ அதற்குக் குறிக்கும்.

ஆக, 'ஆம்' என்று சொன்னது மாநிலக் குழு. சட்டம் 'சார்ட்டரிங் அத்தாரிட்டி' என்று அழைப்பதோ 'இல்லை' என்று சொன்ன அமைப்பை. 'இசைவளிப்பாளர்' என்று வைத்தால் இந்த இடத்தில் கையேடு தவறான அமைப்பைக் காட்டும். பிள்ளையின் பள்ளி பற்றிக் குறை சொல்லப் பெற்றோர் எங்கே போவது என்பது இதைப் பொறுத்தது.

———

எல்லோருக்கும் வணக்கம்.

விளக்கம் மிகத் தெளிவு. இலங்கை வழக்கில் 'அத்தாரிட்டி'க்கு அதிகாரசபை என்பது நிலைத்துவிட்ட சொல். நகர அபிவிருத்தி அதிகாரசபை, துறைமுக அதிகாரசபை போல. 'பட்டய அதிகாரசபை' எனலாமே? ஒப்புதல் என்ற ஒரே செயலோடு அது கட்டுப்படாது.

'விருப்புரிமை'க்கு எங்களிடம் 'தற்றுணிபு' உண்டு. 'தற்றுணிபைத் துர்ப்பிரயோகம் செய்தல்' என்று சட்ட எழுத்தில் வரும். 'தற்றுணிபை முறைகேடாகப் பயன்படுத்தல்' என்றால் இரு நாட்டவருக்கும் புரியும்.

பட்டயமா சாசனமா என்பதில், பட்டயம் இருக்கட்டும். பட்டயக் கணக்காளர் என்றால் டிப்ளோமா படித்தவர் என்று யாரும் எண்ணுவதில்லை. சாசனம் என்றால் அரசியல் சாசனமும், 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, செல்லும் என்று கல்லில் வெட்டியதும் முன்னே வந்து நிற்கும். ஐந்தாண்டில் காலாவதியாகும் ஆவணத்துக்கு அந்தக் கனம் பொருந்தாது.

———

> 'பட்டய அதிகாரசபை' எனலாமே?

'தற்றுணிபு' அருமை. எடுத்துக்கொள்ளலாம்.

'அதிகாரசபை'யில் ஒரு தயக்கம். துறைமுக அதிகாரசபை என்பது தனி நிறுவனம். அதற்கென்று கட்டடமும் பெயர்ப்பலகையும் உண்டு. இங்கே பெரும்பாலும் வழக்கமான பள்ளி மாவட்டத்தின் ஆட்சிக்குழுதான் இந்த வேலையையும் செய்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் ஆளும் மாறுகிறது. நியூயார்க்கில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலக் கல்வியை மேற்பார்க்கும் ரீஜென்ட்ஸ் குழுவும், மாநிலப் பல்கலைக்கழகமான சூனியின் அறங்காவலர் குழுவும். முதல் சட்டத்தை 1991இல் இயற்றிய மினசோட்டாவில் இலாப நோக்கற்ற அமைப்புகளும் இதைச் செய்யலாம். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு பொறுப்பின் பெயர். ஒரு நிறுவனத்தின் பெயர் ஆகாது.

ஒஹாயோ சட்டம் இதே பொறுப்பை 'ஸ்பான்சர்' என்கிறது. அதைப் பார்த்து யாராவது 'புரவலர்' என்று எழுதக்கூடும், தடுக்க வேண்டும். புரவலர் கொடுப்பவர். கலிபோர்னியாவில் இந்த அமைப்பு மேற்பார்வைச் செலவுக்காகப் பள்ளியின் வருவாயில் 1 விழுக்காடு வரை வாங்கிக்கொள்கிறது. வாடகையின்றிக் கட்டடம் தந்திருந்தால் 3 விழுக்காடு வரை.

சட்டம் இதன் தலையில் வைக்கும் கடமைகளைப் பாருங்கள். பள்ளிக்கென ஒரு தொடர்பு அலுவலரைக் குறிப்பது, ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்ப்பது, உரிய அறிக்கைகள் வந்து சேர்வதை உறுதிசெய்வது, நிதிநிலையைக் கண்காணிப்பது, பட்டயம் புதுப்பிக்கப்பட்டாலோ பறிக்கப்பட்டாலோ பள்ளி மூடினாலோ மாநிலத் துறைக்குத் தெரிவிப்பது. பள்ளியை நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு கடன்பட்டால், இந்தக் கடமைகளைச் செய்த மாவட்டம் அக்கடனுக்குப் பொறுப்பாகாது. மனுவுக்கு 'ஆம்' சொல்வது 90 நாள் வேலை. இது ஐந்தாண்டு வேலை. புதிய வகுப்போ இரண்டாவது வளாகமோ சேர்க்கவும் பள்ளி இங்கேதான் வர வேண்டும்.

'பட்டயப் பொறுப்பமைப்பு' என்று முன்மொழிகிறேன். மாவட்டம், கவுண்டி, பல்கலைக்கழகம் எது வந்தாலும் பொருந்தும். மாநிலக் குழு தீர்ப்புச் சொல்லும் இடத்தில், 'மாநிலக் குழு மறுப்பை நீக்கியது. மாவட்டமே பட்டயப் பொறுப்பமைப்பு' என்று குழப்பமின்றி எழுத முடியும்.

———

'பொறுப்பமைப்பு' கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த மாநிலக் குழு வாக்கியத்தை 'இசைவளிப்பாளர்' என்று போட்டு எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. என் பரிந்துரையை விலக்கிக்கொள்கிறேன். பட்டயம் பற்றிய ஐயமும் தீர்ந்தது. முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தால் போதும்.

'மனு', 'விண்ணப்பம்' இரண்டையும் கலக்காதீர்கள். கலிபோர்னியாவில் பலர் கையொப்பமிட்டுக் கொடுப்பதால் மனு. பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் நிரப்புவது விண்ணப்பம்.

———

அனைவருக்கும் நன்றி. கையேட்டின் தொடக்கப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறோம்:

"பட்டயப் பள்ளி என்பது மாநிலச் சட்டத்தின்கீழ், ஐந்தாண்டு வரை செல்லும் பட்டயம் பெற்று இயங்கத் தொடங்கும் கட்டணமில்லாப் பொதுப்பள்ளி. தொடங்க விரும்பும் குழு, பள்ளி அமையவுள்ள பள்ளி மாவட்டத்திடம் மனுக் கொடுக்கும். மாவட்டம் ஏற்றால் அதுவே அப்பள்ளியின் பட்டயப் பொறுப்பமைப்பு ஆகும்: பள்ளியை ஆண்டுதோறும் பார்வையிடும், கணக்கைக் கண்காணிக்கும், காலம் முடியும்போது புதுப்பிப்பதா என்று முடிவுசெய்யும். பட்டய நிபந்தனைகளையோ சட்டத்தையோ மீறினால், நிதியைச் சீர்கெடுத்தால், குறையைச் சரிசெய்ய அறிவிப்பும் வாய்ப்பும் தந்தபின் பட்டயத்தைப் பறிக்கலாம். மாணவரின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கடுமையான உடனடி ஆபத்து இருந்தால் அந்த வாய்ப்பைத் தர வேண்டியதில்லை."

'பறித்தல்' கடுமையாக ஒலிக்கிறது, 'மீளப்பெறல்' என்று போடலாம் என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். பட்டயத்தைப் பள்ளி தானே திருப்பிக் கொடுப்பதும் உண்டு என்பதால் இரண்டும் வேறாகத் தெரிய வேண்டும். இப்போதைக்குப் 'பறித்தல்' என்றே விட்டிருக்கிறோம். மறுப்பு உண்டென்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.