சி.எஸ்.ஐ. கோயிலில் ஏன் 'எல்.எம்.எஸ்.' கல்?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் எங்க ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் வாசக்கல்லில் 'எல்.எம்.எஸ்.'னு (லண்டன் மிஷனரி சொசைட்டி) வெட்டியிருக்கு. ஆச்சியும் 'லண்டன் மிஷன் கோயில்'னுதான் சொல்லுது. எப்போ சி.எஸ்.ஐ.யா மாறிச்சு?

பதில்: 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூணும் இணைஞ்சு சி.எஸ்.ஐ. ஆச்சு. உங்க லண்டன் மிஷன்காரங்க 1908-லயே அந்த ஐக்கிய சபைக்குள்ள போயாச்சு. இந்த இணைப்புப் பேச்சு ஆரம்பிச்சது 1919-ல், தரங்கம்பாடியில். 28 வருஷம் இழுத்தது. பிஷப் முறையை எப்படி ஏத்துக்கறதுங்கற விஷயத்தில்தான் பெரிய மல்லுக்கட்டு. பேச்சை முன்னின்று நடத்தின ஆங்கிலிக்கன் பிஷப் அசரியா 1945-லயே காலமாகிட்டார்.

பதில்: நான் நாசரேத்துப் பொண்ணு, எஸ்.பி.ஜி. (ஆங்கிலிக்கன் மிஷன்) வழி. கட்டிக்கிட்டு வந்தது உங்க பக்கம். இங்க முதல் நற்கருணைக்கு, எங்க ஊர் வழக்கப்படி எழுந்து முன்னால முழங்கால் போடப் போனேன். மாமியார் முந்தானையை இழுத்து, "இங்க பெஞ்சுக்கே வரும், இரு"ன்னாங்க!

கேட்டவர்: ஆச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன். லுத்தரன்காரங்க சேரலையான்னு கேக்குது.

பதில்: இல்லை. அவங்க டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) தனி. பேச்சு ஆரம்பிச்ச தரங்கம்பாடியே அவங்க ஊர், அதான் வேடிக்கை.